பரோடாவின் முத்துக் கம்பளம்

பரோடா சமஸ்தானத்தை 1856 முதல் 1870 வரை ஆண்ட மகாராஜா கண்டே ராவ் கெய்க்வாட், 1865ஆம் ஆண்டு வாக்கில் செய்வித்த ரத்தின விரிப்பு. தற்போது தோஹாவிலுள்ள கத்தார் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பியப் பிரபுக்கள் பொற்சரிகை கலந்து நெய்த சித்திரத் திரைகளை மாளிகைச் சுவர்களில் தொங்கவிட்டுத் தம் ஐசுவரியத்தைப் பிரகடனம் செய்தது போலவே, இந்திய அரசர்களும் விரிப்பு, விதானம் முதலியவற்றால் தம் அந்தஸ்தை நிலைநாட்டினர். அவ்வகையில் இக்கம்பளத்துக்கு ஈடு சொல்லுதல் அரிது.

பட்டும் மெல்லிய மான்தோலும் சேர்ந்த அடித்தளத்தின்மேல், கடுகளவான முத்துக்களை இடைவெளி தெரியாமல் வைத்துத் தைத்து, அந்த வெண்பரப்பில் வண்ணக் கண்ணாடி மணிகளால் கொடியும் மலருமாகப் படரவிட்டு, நடுவே வைரங்கள் பதித்த மூன்று வட்டப் பதக்கங்களை அமைத்திருக்கிறார்கள். மாணிக்கமும் மரகதமும் நீலமும் ஆங்காங்கே ஒளிர்கின்றன. சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள இதில் ஏறத்தாழ 15 லட்சம் முத்துக்கள் உள்ளன என்பது மதிப்பீடு. மதீனாவில் நபிகள் நாயகத்தின் அடக்கஸ்தலத்துக்குக் காணிக்கையாக்கவே ஹிந்து மன்னரான கண்டே ராவ் இதைச் செய்வித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 1870இல் அவர் காலமானதால் கம்பளம் பரோடாவிலேயே தங்கிவிட்டது.

முத்துக்களோ பாரசீக வளைகுடாவிலிருந்து வந்தவை. பம்பாய் வியாபாரிகள் பஸ்ரா முத்து என்று போற்றியவை. அவற்றுக்காகக் கத்தார், பஹ்ரைன் கரையோரத்து மக்கள் மூக்கில் இடுக்கி பூட்டி, காலில் கல் கட்டி, ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கினர். கோடை முழுவதும் படகிலேயே கிடந்தும், நகூதா என்னும் படகுத் தலைவரிடம் வாங்கிய முன்பணம் தீராமையால், மறு பருவத்திலும் கடலுக்குப் போயினர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர் பட்ட பாட்டை அறிந்த தமிழருக்கு இத்துன்பம் புதிதன்று.

1902–03இல் டில்லிக் கண்காட்சியில் வைக்கப்பெற்ற கம்பளத்தைப் பின்னாளில் மகாராஜா பிரதாப் சிங்கின் மனைவி சீதாதேவி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார். இதற்கிடையே ஜப்பானிய வளர்ப்பு முத்தின் வரவாலும் 1930களின் பொருளாதார மந்தத்தாலும் வளைகுடா முத்துத்தொழில் நசித்தது. 2009 மார்ச்சில் தோஹாவில் நடந்த ஏலத்தில் கம்பளம் 54 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. 2019இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அது முத்துக்குளிப்பின் வரலாற்றைக் கூறும் கூடத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மன்னரின் செல்வத்தோடு மூழ்கியவரின் உழைப்பையும் சேர்த்தே காண்பதற்கு அதுவே தக்க இடம்.