பழி சுமந்த கடல் முயல்

கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போருக்குத் தீராத தொல்லை ஒன்று உண்டு. அதுதான் பாசி. தொட்டி அமைத்த சில வாரங்களிலேயே பாறைகளின்மீது பச்சை மயிர் முளைத்ததுபோல் இழைப்பாசி படர்ந்துவிடும். சுரண்டி எடுத்தாலும் மீண்டும் வளரும். இதை அடக்க அவர்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, தொட்டிக்குள் ஒரு கடல் முயலை விடுவது.

முயல் என்றதும் துள்ளியோடும் பிராணி என்று எண்ணிவிடாதீர்கள். இது நத்தைக்கு உறவான மெல்லுடலி. வெளியே தெரியும்படியான ஓடு கிடையாது. தலையில் முயற்காது போல் இரண்டு உணர்கொம்புகள் நிமிர்ந்து நிற்பதால் இப்பெயர் பெற்றது. பாசி மேயும் இந்தச் சாதுவான பிராணியைக் கொடிய நஞ்சென்று மக்கள் ஒரு காலத்தில் அஞ்சி நடுங்கினார்கள் என்றால் நம்புவீர்களா?

நீதிமன்றம் ஏறிய பிராணி

கி.பி. 79-இல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, கடல் முயல் நஞ்சுடையது என்று எழுதினார். இந்தியக் கடலில் உள்ள கடல் முயலோ மனித விரல் பட்டாலே இறந்துவிடும். அதற்கு மனிதனே நஞ்சு என்றும் எழுதிவைத்தார்!

ஏறக்குறைய கி.பி. 158-இல், வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தா நகரில் அப்புலேயஸ் என்ற அறிஞர்மீது வழக்கு ஒன்று நடந்தது. செல்வம் மிக்க ஒரு விதவையை மாந்திரீகத்தால் மயக்கி மணந்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சான்றாக, அவர் கடல் முயலைத் தேடிப் பெற்றதையும் எடுத்துக் காட்டினார்கள். மாந்திரீகம் உயிரையே பறிக்கக்கூடிய குற்றமாக இருந்த காலம் அது. அப்புலேயஸ் அஞ்சவில்லை. உயிர்களை ஆராய்வதே தம் நோக்கம் என்றார். அந்தப் பிராணியின் உடலில் வேறெங்கும் எலும்பில்லை; வயிற்றில் மட்டும் 12 எலும்புத் துண்டுகள் கோத்தாற்போல் இருந்தன என்றும் கூறினார்.

கடல் முயலின் அரைவைப் பையில் கடினமான தகடுகள் இருப்பதை இன்று நாம் அறிவோம். தின்ற பாசியை அரைப்பவை அவையே. மற்றவர்கள் நஞ்சைத் தேடிய இடத்தில் அவர் ஓர் அரைவை இயந்திரத்தைக் கண்டார்!

நத்தை கற்பித்த பாடம்

பாசியை அடக்க மெல்லுடலியை நாடும் எண்ணம் எப்போது பிறந்தது? லண்டன் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் வளர்த்தார். செடி வெளிவிடும் பிராணவாயு மீனுக்கு. மீன் வெளிவிடும் கரியமில வாயு செடிக்கு. கணக்குச் சரிதான். ஆனால் செடியின் இலைகள் அழுகின, நீர் கலங்கியது, பாசி படர்ந்தது. பிறகு அவர் சில நத்தைகளை உள்ளே விட்டார். நீர் தெளிந்தது. 1850-இல் அவர் இதனை வெளியிட்டார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. கடல்நீர்த் தொட்டிகளிலும் கடல் நத்தைகள் பாசி மேயும் பணியை ஏற்றன.

தொட்டியில் கடல் முயல்

அதே பணியைப் பெரிய அளவில் செய்வது கடல் முயல். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் வாழும் டோலபெல்லா ஆரிக்குலேரியா என்ற இனம் இதற்குப் பெயர்போனது. ஓர் அடிக்கு மேலும் வளரக்கூடியது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிறு தொட்டியின் பாசி அதற்கு எத்தனை நாள் போதும்? பாசி தீர்ந்ததும் வேறு உணவு தராவிட்டால் அது பட்டினியால் இறக்கும். மருண்டாலோ, நீரேற்றியில் சிக்கிக் காயமுற்றாலோ ஊதா மையைக் கக்கும். பரந்த கடலில் அது தற்காப்பு. மூடிய தொட்டியில் மீன்களுக்கே ஆபத்தாகலாம். மேலும், தின்ற பாசியின் சத்து கழிவாக நீருக்கே திரும்புகிறது. எஞ்சிய தீனியும் மீன்களின் கழிவும் தரும் நைட்ரேட், பாஸ்பேட் உப்புகள் குறையாதவரை பாசியும் மீண்டும் தலைகாட்டும்.

நஞ்சு யாருடையது?

பிளினி சொன்னது முழுப் பொய்யா? இல்லை. 1987-இல் டோலபெல்லாவிலிருந்து டோலாஸ்டாட்டின் 10 என்ற கடும் நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டதை அமெரிக்க வேதியியலார் ஜார்ஜ் பெட்டிட் குழுவினர் அறிவித்தனர். 2001-இல் அதே பொருள் ஒரு நீலப்பச்சைப்பாசியிலேயே கிடைத்தது. ஆகவே கடல் முயல் அதனைத் தன் உணவிலிருந்தே பெறுகிறது என்பது தெளிவாயிற்று. ஊதா மையின் நிறமும் அவ்வாறே செம்பாசியிலிருந்து வருவதுதான். அந்த நச்சுப்பொருளை ஒத்த செயற்கைப் பொருள் ஒன்றை எதிர்ப்பொருளுடன் இணைத்துச் செய்த மருந்து, 2011-இல் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொல்லும் என்று அஞ்சிய பொருள் உயிர் காக்க வழிகாட்டியது!

பார்த்தீர்களா? கடல் முயலின் மை, நஞ்சு, உழைப்பு எல்லாமே அது தின்னும் பாசியைப் பொறுத்தவை. ஆகவே தொட்டிக்காக அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘இது என் பாசியைத் தின்னுமா?’ என்பதன்று; ‘பாசி தீர்ந்தபின் இதற்கு நான் என்ன உணவிடுவேன்?’ என்பதே.