வானம்பாடி கற்றுத் தரும் பாடம்

போர்ட் கிள்ளானில் பெரிய பெரிய கப்பல்களைப் பார்த்தே வளர்ந்த உங்களுக்கு, பெரியதுதான் பலம் என்று தோன்றும். அது தப்பு!

1955 மார்ச் 12-இல் பிரான்சு நாட்டில் ‘அலுவெத் 2’ என்னும் சிறிய ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பறந்தது. அலுவெத் என்றால் வானம்பாடி. டர்பைன் இஞ்சின் பூட்டி, தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்த முதல் ஹெலிகாப்டர் இதுவே. பழைய பிஸ்டன் இஞ்சின் பாரம் ஜாஸ்தி. டர்பைனோ லேசு, சக்தியோ அதிகம். ஆகவே அதே ஜூனில் 8,209 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தது. 1956-இல் மோன் பிளாங் மலையில் நோயுற்றுத் தவித்த ஒருவரை மீட்டு வந்தது.

இதன் தம்பி, ஏழு பேர் அமரும் ‘அலுவெத் 3’. நமது அரச மலேசிய ஆகாயப் படை 1960-களில் இதை வாங்கியது. பெங்களூரில் இதுவே ‘சேத்தக்’ எனத் தயாரானது.

உருவம் சிறிதென்று ஒதுங்காதீர்கள், பிள்ளைகளே. ஆபத்தில் உதவுபவரே உயர்ந்தவர்!