இண்டெக்ஸ்

வீட்டுப் பட்டறையில், பல்சக்கரம் வெட்ட வட்டத்தைச் சமமாகப் பிரித்துத் திருப்பும் டிவைடிங் ஹெட்டுக்கு மோட்டார் பூட்டிய நண்பர், "இனி இண்டெக்ஸ் தானாக நடக்கும்" என்றார். அந்தச் சொல் அங்கே ஒட்டவில்லை. லத்தீனில் இண்டெக்ஸ் என்றால் சுட்டிக்காட்டுவது. ஆள்காட்டி விரலுக்கும் துப்புக் கொடுப்பவனுக்கும் அதுவே பெயர். நூலின் சொல்லடைவுக்கு அது பின்னால்தான் வந்தது. கையால் சுற்றும் பட்டறையிலும் அந்தப் பொருள் பிசகவில்லை. கைப்பிடி 40 சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு சுற்று. 28 பல் வெட்ட, பல்லுக்கு ஒரு முழுச்சுற்றும் துளைத்தட்டின் 21 துளை வட்டத்தில் 9 துளையும். எந்தத் துளை என்று ஊசி சுட்டுகிறது. ஸ்டெப்பர் மோட்டார் வந்தபின் துளைத்தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. மோட்டாரின் சுற்றுக்கு 200 படி, 40 சுற்றுக்கு 8000. மிச்சமிருப்பது வகுத்தல் மட்டும். ஏழு பல்லுக்கு 8000 மீதியின்றி வகுபடாது. ஒவ்வொரு முறையும் 1142 படியில் நிறுத்தினால் கடைசியில் 6 படி குறைந்து ஒரு பல் தடித்துவிடும். அந்த மீதியை நிரல் எல்லாப் பற்களுக்கும் பரப்பியாக வேண்டும். அதனால் இந்தக் கருவிக்குத் தமிழில் 'சுட்டுத்தலை'யைவிடப் 'பகுப்புத்தலை'யே எனக்குச் சரியாகப் படுகிறது. 'பகு' அழகான வேர். பகுதியும் பங்கும் அதன் உறவு, பகலும் அப்படித்தான். பழந்தமிழில் பகல் என்றால் நடு, நடுவுநிலைமை. நுகத்தடியின் நடுவில் இறங்கும் ஆணிக்கும் அந்தப் பெயர் உண்டு. 'பிரிப்பு' என்றால் எப்படியும் பிரிக்கலாம், பகுப்பில் சமன் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. துளைத்தட்டு வைத்துக் கையால் சுற்றுபவருக்கு இண்டெக்ஸ் இன்றும் பொருந்தும்.