மணலி வழியும் மரியானோவின் நாகசுரமும்

வடசென்னையின் இசை வரலாறு ஆலைச் சங்கொலிக்கும் முந்தையது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலியில், ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்னர், இராமசாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்தது. அம்முதலியார்களே தீட்சிதரின் மைந்தர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு இசையைக் கேட்கச் செய்தனர். இளையவரான பாலுசாமி வயலின் கற்றார். மூத்தவரான முத்துசாமி தீட்சிதர் மேலை மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார்; அவை நோட்டுசுவரங்கள் எனப் பெயர் பெற்றன. அன்று அயலாக வந்த வயலின் இன்றிக் கச்சேரி மேடை இன்று நிறைவதில்லை.

அதே வழியில் எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் உண்டு. நாகசுரத்தை ஜாஸ் இசைக்குள் கொண்டு சென்ற சார்லி மரியானோவின் பெயர் தமிழ்க் கேள்வியரிடையே இன்னும் பரவவில்லை.

மரியானோ 1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தார். ஆல்டோ சாக்ஸபோன் அவருடைய முதன்மைக் கருவி. சொப்ரானோ சாக்ஸபோனும் குழலும் உடன் வந்தன. சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963ஆம் ஆண்டு இசைத்தட்டான 'தி பிளாக் செயிண்ட் அண்டு தி சின்னர் லேடி'யில் அழுகையும் ஆவேசமுமாக எழும் ஆல்டோ குரல் அவருடையதே. தட்டைக் கேட்டோர் பலர் மிங்கஸை நினைவில் வைத்தனர், ஊதியவரை மறந்தனர்.

1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவைப் பயிற்றுவிக்கச் சென்றபோது நாகசுரம் அவர் செவியில் விழுந்தது. புலம்பெயர்ந்த தமிழர் காத்து வந்த கருவி அது. ஏற்கெனவே தேர்ந்த கலைஞராயிருந்தும், நாற்பது வயதைக் கடந்தபின் மாணவராக அமர்ந்து கற்கத் தொடங்கினார். 1970களில் தென்னிந்தியாவுக்கு வந்தும் பயின்றார்.

இம்முயற்சியின் அருமை கருவியை அறிந்தார்க்கே விளங்கும். சாக்ஸபோனுக்கு ஒற்றை நாக்கு. விசைகள் சுரத்தானங்களை வகுத்துத் தருகின்றன. நாகசுரத்துக்கோ இரட்டைச் சீவாளி. விரல் வைக்க ஏழே துளைகள். எஞ்சியவற்றையெல்லாம் மூச்சும் உதடும் நிறைவேற்ற வேண்டும். ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அங்கேதான் பிறக்கிறது.

ஜெர்மனியின் எம்பிரியோ குழுவுடன் 1973இல் வெளியான 'வீ கீப் ஆன்' தட்டிலும், 1976இன் 'ஹெலன் 12 ட்ரீஸ்' தட்டிலும் அவருடைய நாகசுரம் பதிவாகியுள்ளது. இராசரத்தினம் பிள்ளையின் தோடியை அளவுகோலாக்கி இவற்றைக் கேட்பது முறையன்று. இராக விரிவு இங்கு நோக்கமில்லை. மின்கருவிகளுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நாகசுரம் தன் கரகரப்பை இழக்காமல் உரையாடுகிறது.

அவர் கற்றதன் கனி 1983இல் வெளிவந்த 'ஜோதி'யில் தெரிகிறது. டி.ஏ.எஸ். மணியின் தலைமையில் இயங்கிய பெங்களூர் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரிக் குழுவினரும், பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அவருடன் இணைந்தனர். இத்தட்டில் நாகசுரம் இல்லை. சாக்ஸபோனும் குழலும் மட்டுமே. ஆயினும் ரமாமணியின் குரலைத் தொடர்ந்து அவர் ஊதும் நீண்ட சுரங்களில் நாகசுரம் கற்ற மூச்சு கேட்கிறது. கருவியைக் காட்சிப் பொருளாக்காமல் அதன் பாடத்தைத் தன் கருவிக்குள் கரைத்துக்கொண்டமையே அவருடைய பெருமை.

நாகசுரக் குடும்பத்தில் பிறந்து சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்கு இணக்கிய கத்ரி கோபால்நாத்தை (1949–2019) தமிழகம் மாலையிட்டுப் போற்றியது, அது தகும். சாக்ஸபோனிலிருந்து நாகசுரத்துக்கு வந்த மரியானோ 2009இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்தபோது இங்கே பேசியவர் சிலரே.

மணலி வழியே வந்த வயலினுக்குக் கிடைத்த வரவேற்பில் ஒரு பங்கேனும், தமிழ்க் கருவியைத் தேடி வந்த இவருக்கும் உரியது. அதற்குச் சிலை வேண்டியதில்லை; 'ஜோதி'யை ஒருமுறை செவிகொடுத்துக் கேட்டால் போதும்.