இரும்புப் பாதையில் மின்சாரம் – 7: தாம்பரத்தைத் தாண்டிய கணக்கு

1931 மே 11. சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி அமைத்த அந்த 29 கிலோமீட்டர் பாதைக்கு 1,500 வோல்ட் நேர்மின்சாரம். ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் மின்கம்பி போய்ச் சேர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கணக்குதான்.

ஜெர்மானியர் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்ட விதி அது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்றால், 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 4.35 ஆம்பியர். அதன் மின்தடை ஏறக்குறைய 53 ஓம்.

இதையே ரயிலுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டிக்கு 15 லட்சம் வாட் தேவை என்று வையுங்கள். 1,500 வோல்ட்டில் 1,000 ஆம்பியர் ஓட வேண்டும். துணை மின்நிலையத்துக்கும் வண்டிக்கும் நடுவே கம்பியின் தடை 0.2 ஓம்தான் என்றாலும், வழியிலேயே 200 வோல்ட் விழுந்துவிடும். கம்பியைச் சூடாக்கியே வீணாவது 2 லட்சம் வாட்! தூரம் கூடினால் தடையும் கூடும். ஆகவே சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம், தடித்த செம்புக் கம்பி என்று செலவு ஏறும். நிமிடத்துக்கு நிமிடம் வண்டி ஓடும் புறநகருக்கு அது கட்டுப்படியாகும். வயல்வெளி நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் விழுப்புரம் பாதைக்குக் கட்டுப்படியாகாது.

வழி பிறந்தது 1950களின் பிற்பகுதியில். பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையுடன் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை இந்திய ரயில்வே தேர்ந்தெடுத்தது. மின்திறன் காரணியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதே 15 லட்சம் வாட்டுக்கு 60 ஆம்பியரே போதும். அதே 0.2 ஓம் கம்பியில் இழப்பு 720 வாட். இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஓட்டம் சுமார் 17-இல் ஒரு பங்காகக் குறைய, இழப்பு சுமார் 278-இல் ஒரு பங்காகச் சரிந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு: கனமான மின்மாற்றியையும் மின்திருத்தியையும் எஞ்சினே சுமக்க வேண்டும், பாலங்களுக்கும் கம்பிக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

1960களின் நடுப்பகுதியில் விழுப்புரம் வரை கம்பி நீண்டது. ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து 'ஒய்ஏஎம்-1' மீட்டர்கேஜ் எஞ்சின்கள் வந்தன. கடற்கரை–தாம்பரம் பாதையும் அந்தப் பத்தாண்டிலேயே 25,000 வோல்ட்டுக்கு மாறியது. விழுப்புரத்தோடு கம்பி முடிந்ததால், திருச்சிப் பக்கம் போகும் வண்டிகள் அங்கே எஞ்சின் மாற்றிக்கொள்ளும். பயணிகளுக்கு அது டீ குடிக்கும் நேரம்.

2004-இல் சென்னையின் மீட்டர்கேஜ் மின்சார ரயில் விடைபெற்றது. திண்டிவனம் வழியாக இன்று விரையும் அகலப்பாதை ரயில்களின் தலைக்கு மேலே ஓடுவதும் அதே 25,000 வோல்ட்தான்.

மாறுமின்சாரத்தை வாங்கி நேர்மின்சார மோட்டாரை ஓட்டிய எஞ்சினுக்குள் என்ன நடந்தது? அடுத்த இதழில்.