நகலும் போலியும்: கிதார்த் தொழிலில் எழுந்த சில வழக்குகள்

இசைக் கருவிகள் செய்யும் தொழிலில் முன்னோர் செய்ததைப் பார்த்துச் செய்வது என்றும் இழிவாகக் கருதப்பட்டதில்லை. 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தொழில் நடத்திய வியோம் என்பவர், இத்தாலிய மேதைகளான ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி ஆகியோரின் வயலின்களை அளந்து, அவற்றைப் போலவே செய்து பெரும்புகழ் பெற்றார். பகானினியின் வயலினைப் பார்த்து அவர் செய்த நகல், மூலக் கருவியுடன் ஜெனோவா நகரில் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. அதே காலத்தில் ஜெர்மானியப் பட்டறைகளிலிருந்து மலிவான வயலின்கள் ஏராளமாக வெளிவந்தன. அவற்றுள்ளும் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. பாட்டனார் விட்டுச் சென்ற பெட்டியில் அத்தகைய சீட்டைக் கண்டு, பெருஞ்செல்வம் கிடைத்துவிட்டதென மகிழ்ந்து ஏமாந்த குடும்பங்கள் பல.

நமது அலுவலகங்களில் ஒரு பத்திரத்தைப் பெயர்த்தெழுதி, ‘உண்மை நகல்’ என்று முத்திரையிடுகிறோம். நகல் எவ்வாறு உண்மையாகும் என்று கேலி செய்வோர் உண்டு. ஆயினும் அச்சொற்றொடரில் பொருள் இருக்கிறது. நகல் தன்னை நகல் என்றே அறிவித்துக்கொள்கிறது. போலி அதனை மறைக்கிறது. அமெரிக்காவில் மின்சாரக் கிதார் செய்வோரிடையே எழுந்த வழக்குகள் யாவும் இவ்விரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதைப் பற்றியனவே.

கிப்சன் கம்பெனி 1952-ம் ஆண்டில் லெஸ் பால் என்னும் கலைஞரின் பெயரால் ஒரு கிதாரை வெளியிட்டது. 1958 முதல் 1960 வரை அதற்குச் செந்நிறம் படர்ந்த மஞ்சள் மெருகு பூசி விற்றார்கள். விற்பனை சிறக்கவில்லை, அவ்வடிவம் கைவிடப்பட்டது. பின்னர் ஆங்கில நாட்டு இளைஞர்கள் சிலர் அந்தப் பழைய கிதார்களைத் தேடி வாங்கி வாசிக்கவே, அவற்றின் மதிப்பு ஏறத் தொடங்கியது. இன்று அவை ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான டாலர் பெறும். அவ்வளவு பொருள் இல்லாதவர் என்ன செய்வார்? தேர்ந்த கைவினைஞரிடம் சென்று, அதே மரம், அதே அளவு, அதே மெருகுடன் ஒன்று செய்து தரும்படி கேட்பார். செய்து தருவதில் திறமைக்குக் குறைவில்லை. விற்கும்போதுதான் சட்டம் குறுக்கிடுகிறது.

பெயரைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950-ம் ஆண்டில் தம் கிதார் ஒன்றுக்கு ‘பிராட்காஸ்டர்’ என்று பெயரிட்டார். அதே ஒலியுடைய பெயரில் முரசுகள் விற்றுவந்த கிரெட்ஷ் கம்பெனி 1951-ன் தொடக்கத்தில் ஆட்சேபம் எழுப்பியது. ஃபெண்டர் வழக்காடவில்லை. பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் கையிருப்பில் இருந்தன. தொழிலாளர்கள் கத்தரியை எடுத்து, ‘ஃபெண்டர்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை வெட்டி எறிந்தார்கள். ‘டெலிகாஸ்டர்’ என்ற புதுப்பெயர் வரும்வரை சில மாதங்கள் அக்கிதார் பெயரின்றியே விற்பனையாயிற்று. பெயரில்லாத அக்கருவிகளை இன்று சேகரிப்போர் ‘நோகாஸ்டர்’ என்கிறார்கள். அப்பெயரையும் ஃபெண்டர் கம்பெனி பின்னாளில் தன் வர்த்தகச் சின்னமாக ஆக்கிக்கொண்டது!

பெயருக்கு அடுத்தது, பிரடைகள் பொருந்திய தலைப்பகுதி. ஜப்பானிய ஹோஷினோ கம்பெனி ‘இபானெஸ்’ என்ற தன் சொந்தப் பெயரிட்டே அமெரிக்கக் கிதார்களின் நகல்களை விற்றுவந்தது. ஆனால் அவற்றின் தலைப்பகுதி, விரித்த நூலைப் போன்ற கிப்சன் வடிவிலேயே இருந்தது. அவ்வடிவம் தமக்கே உரியது என்று கிப்சன் தரப்பினர் 1977-ல் பிலடெல்பியாவில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு 1978-ல் சமரசமாக முடிந்தது. தீர்ப்பே இல்லாத அந்த வழக்கின் பெயரால், அக்காலத்து ஜப்பானிய நகல்கள் அனைத்தையும், வழக்கில் சிறிதும் தொடர்பில்லாதவற்றையும்கூட, ‘வழக்குக் கிதார்’ என்று சொல்லி வணிகர்கள் இன்றும் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

கிதாரின் உடல் வடிவமே எல்லாவற்றிலும் சிக்கலானது. லெஸ் பால் வடிவத்தைக் கிப்சன் 1993-ல் பதிவு செய்துகொண்டது. 2000-ம் ஆண்டில் பால் ரீட் ஸ்மித் என்பவரின் கம்பெனி, ஒரு பக்கம் மட்டும் வெட்டுடைய கிதார் ஒன்றை வெளியிட, கிப்சன் வழக்குத் தொடுத்தது. நாஷ்வில் நீதிமன்றம் 2004-ல் அந்தக் கிதாருக்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் கிப்சன் ஒன்றை ஒப்புக்கொள்ள நேர்ந்தது: கடையில் வாங்குபவர் எவரும் ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஏமாற மாட்டார். அப்படியானால் குழப்பம் எங்கே? புகை சூழ்ந்த மதுக்கூடத்தில் தொலைவிலிருந்து மேடையைப் பார்ப்பவருக்கு என்று வாதிடப்பட்டது. நீதிபதிகள் இதனை ஏற்காது, 2005-ல் தடையை நீக்கினர்.

இதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-ல் ஃபெராரி மோட்டார் வண்டியைப் போல நகல் வண்டி செய்தவருக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. வாங்குபவருக்கு உண்மை தெரிந்திருந்தாலும், சாலையில் காண்பவர் மயங்குவர் என்று அப்போது சொன்னது. இரண்டும் முரண்படவில்லையா? தரங்குறைந்த நகல் மூலத்தின் நற்பெயரைக் கெடுக்கும். ஸ்மித்தின் கிதாரோ தரங்குறைந்ததன்று என்று நீதிபதிகள் வேறுபடுத்தினர். நன்றாகச் செய்தவன் தப்பினான் என்னும் இந்த முடிவு, தொழில் தெரிந்த எவருக்கும் சிறிது ஆறுதல் தரவே செய்யும்.

காலத்தாழ்வும் உரிமையைக் கரைக்கிறது. ஃபெண்டர் தன் மூன்று கிதார்களின் உடல் வடிவங்களைப் பதிவு செய்ய முயன்றபோது, பதினேழு உற்பத்தியாளர்கள் எதிர்த்தனர். ஐம்பதாண்டுக் காலம் பலரும் செய்துவந்த வடிவம் பொதுவுடைமையாகிவிட்டது என்று 2009-ல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2019-ல் கிப்சனின் ‘வி’ வடிவக் கிதாரைக் குறித்து ஏறத்தாழ இதனையே கூறியது. நம் நாட்டில் 1958-ம் ஆண்டுச் சட்டம் சின்னத்தின் இலக்கணத்தில் வடிவத்தைக் குறிப்பிடவில்லை. 1999-ம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்டது. எனினும் பொருளின் இயல்பிலேயே அமையும் வடிவத்தையும், பயன் கருதி அமையும் வடிவத்தையும் பதிவு செய்ய அது இடந்தருவதில்லை.

இவற்றால் தனிக் கைவினைஞருக்குக் கிடைப்பது என்ன? பொதுவாகிவிட்ட உடலைத் தம் பெயரில் அவர் செய்யலாம். தலைப்பகுதியைச் சற்று மாற்றி அமைப்பது நலம். ஆனால் வாங்குபவர் வற்புறுத்தினாரென்று ‘கிப்சன்’ என்று பொறித்துவிட்டால், அது கள்ளச் சின்னமாகும். வாங்குபவரின் சம்மதம் அவரைக் காக்காது. முதலில் வாங்குபவர் உண்மை அறிந்தவர்தாம். அவர் மற்றொருவருக்கு விற்பார். அவரது மகன் மூன்றாமவருக்கு விற்பான். செய்தவரின் கையெழுத்து மரத்தின் குழிக்குள், மூடியைத் திருகிக் கழற்றினால் மட்டுமே தெரியும் இடத்தில் இருக்கும். அந்த மூன்றாமவர் அதைக் கழற்றிப் பார்ப்பது, பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகே.