உரிமையும் பொறுப்பும்: அரச இணையத்தளங்களின் அணுகுதன்மை

அரச இணையத்தளங்களின் அணுகுதன்மை ஆட்சியாளரின் கருணையன்று. வலுவிழந்தோர் வழக்காடிப் பெற்ற உரிமையாகும். அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்றவரான புரூஸ் மகுவயர், படங்களுக்கு மாற்றுரை வழங்காத சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவுக்கு எதிரான முறைப்பாட்டில் 2000ஆம் ஆண்டு வென்றார். பிரித்தானியா 2018இல் பொதுத்துறை இணையத்தளங்களின் அணுகுதன்மைக்கெனத் தனி ஒழுங்குவிதிகளை இயற்றியது.

இன்று அரச தளங்கள் பலவும் 'ஹெட்லெஸ்' முறையைக் கைக்கொள்கின்றன. இதில் உள்ளடக்கத்தைச் சேமிக்கும் மென்பொருள் வேறு; அதனைப் பக்கமாகக் காட்டும் மென்பொருள் வேறு. இவ்வேலைப் பிரிவினையிலேயே முரண்பாடு தோன்றுகின்றது. படத்தின் மாற்றுரைக்குச் சேமிப்பில் இடம் வகுக்கப்படாவிடின், காட்டும் மென்பொருள் எதனைக் காட்டும்? வகுக்கப்பட்டும் அது கைவிடப்படின், எழுதியவரின் உழைப்பு வீணாகும். இருநிலையிலும் திரைவாசிப்பானை நம்பிய குடிமகனே வஞ்சிக்கப்படுகின்றான். வேலை பிரிக்கப்படலாம், அரசின் பொறுப்புப் பிரிக்கப்படலாகாது என்பதே நாம் காணும் முடிவாகும்.